அடுக்கு விதிகள் மனப்பாடம் ஆகிவிட்டன, கணக்கு மட்டும் வரவில்லை: என்ன செய்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பின்னமும் விகிதமும் தடையில்லாமல் போடுகிறவள், அடுக்குகள் பாடத்தில் மட்டும் திணறுகிறாள். விதிகளைப் படிக்காமல் இல்லை. அடிமானம் ஒன்றாக இருந்தால் பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்ட வேண்டும், வகுக்கும்போது கழிக்க வேண்டும், அடுக்குக்கு மேல் அடுக்கு வந்தால் பெருக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிறாள். ஆனால் பயிற்சிக் கணக்கு என்று வந்துவிட்டால் எந்த விதியை எங்கே கொண்டுவருவது என்பது அவளுக்குக் கலங்கிப் போகிறது.

நேற்று இரவு அவளுடைய ஏட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒரே பக்கத்தில், 2³ × 2⁴ என்பதற்கு 4⁷ என்று எழுதியிருக்கிறாள். இரண்டு வரி கீழே 2³ + 2⁴ என்பதற்கு 2⁷ என்று எழுதியிருக்கிறாள். 5⁰ என்பதற்கு 0. அதற்கும் கீழே 2⁻³ என்று ஒரு கணக்கு. முதலில் −6 என்று எழுதி அழித்திருக்கிறாள், பிறகு −8 என்று எழுதி அதையும் அழித்திருக்கிறாள், அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் நைந்து பின்பக்க எழுத்து தெரிகிறது. விடை எழுதாமலே விட்டுவிட்டாள். அந்தச் சின்ன ஓட்டையைப் பார்த்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

தனிப்பயிற்சிக்குப் போகிற இடத்தில், 5⁰ ஏன் 1 ஆகிறது என்று கேட்டாளாம். "அது விதி, அப்படியே எழுது" என்று சொல்லிவிட்டார்களாம். நான் படித்தது வணிகவியல். வட்டிக் கணக்கு வரை சொல்லித் தர முடியும், இதற்குக் காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பூச்சிய அடுக்கும் குறை எண் அடுக்கும் ஏன் அப்படி வருகின்றன, விதிகள் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க அவளுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்)

அம்மா, வணக்கம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் செய்திருக்கும் பிழைகளில் ஒன்றுகூடக் கவனக்குறைவால் வந்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைக் கண்டுபிடித்துவிட்டால் திருத்துவது எளிது.

4⁷ என்ற விடையை எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்குகளை அவள் சரியாகவே கூட்டிவிட்டாள். ஆனால் நடுவில் பெருக்கல் குறி நிற்கிறதே, அதற்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியதால் அடிமானங்களையும் பெருக்கிவிட்டாள். விதியைச் சொற்களாக மட்டும் வைத்திருக்கிற பிள்ளை இப்படித்தான் செய்யும். 2³ என்பதை 2 × 2 × 2 என்றும், 2⁴ என்பதை 2 × 2 × 2 × 2 என்றும் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பிறகு மொத்தம் எத்தனை இரண்டுகள் நிற்கின்றன என்று விரல் வைத்து எண்ணச் சொல்லுங்கள். ஏழு நிற்கும். அந்த வரிசையில் 4 எங்கேயாவது தெரிகிறதா என்று கேளுங்கள். விடை 2⁷, அதாவது 128. அவள் எழுதிய 4⁷ என்பதோ 16,384.

பாடம் முழுவதற்கும் அடிப்படை இந்த எண்ணுதல்தான். அடிமானம் என்பது திரும்பத் திரும்பப் பெருக்கப்படும் எண். அது எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிச் சொல்வதுதான் அடுக்கு. இரண்டு வரிசைகளைச் சேர்த்தால் எண்ணிக்கைகள் கூடுகின்றன, அதனால் கூட்டுகிறோம். 5⁷ ÷ 5⁴ என்பதைப் பின்னமாக விரித்து எழுதினால் மேலே ஏழு ஐந்துகள், கீழே நான்கு ஐந்துகள். நான்கு நான்காக அடிபட்டு மேலே மூன்று மிஞ்சுகின்றன, அதனால் கழிக்கிறோம். (2³)⁴ என்றால் மூன்று இரண்டுகள் கொண்ட வரிசை நான்கு முறை வருகிறது என்று பொருள். அதை நான்கு வரிகளாக ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினால், மூன்று நான்கு பன்னிரண்டு என்று வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை தானே சொல்லிவிடும். 2¹² என்பது 4,096. 2³ × 2⁴ என்பது வெறும் 128. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த பிள்ளை மறுபடி கூட்டுவதையும் பெருக்குவதையும் குழப்பிக்கொள்வது அரிது.

2³ + 2⁴ என்பதில் பிழை வேறு வகையானது. அங்கே இருப்பது 8 + 16, ஆக 24. கூட்டல் குறி வரிசைகளை ஒன்றாக இணைப்பதில்லை. ஒவ்வொன்றையும் தனியாக மதிப்பிட்டு அதன் பிறகே கூட்டச் சொல்கிறது. கூட்டலுக்கு அடுக்கு விதி எதுவும் கிடையாது என்பதை அவளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பாடநூலில் இருக்கிற விதிகளை மட்டும் சொல்லித் தருகிறோமே தவிர, இல்லாத விதியை "இல்லை" என்று சொல்லித் தர நாங்கள் பலரும் தவறிவிடுகிறோம். (2 × 5)³ என்பது 2³ × 5³ தான், இரண்டும் 1,000. ஆனால் (2 + 5)² என்பது 49, 2² + 5² என்பது 29. இதையும் ஒருமுறை அவள் கையாலேயே போட்டுப் பார்க்கட்டும்.

இன்னொன்று. ஒரு இலட்சம் என்பது 10⁵, ஒரு கோடி என்பது 10⁷. நாளிதழில் வரவு செலவுத் திட்டம் பற்றிப் படிக்கும்போது "இலட்சம் கோடி" என்ற சொல் வருகிறது அல்லவா? ஒன்றுக்குப் பின்னால் எத்தனை பூச்சியங்கள் என்று அவளைக் கேளுங்கள். ஐந்தும் ஏழும் பன்னிரண்டு என்பாள். 10⁵ × 10⁷ = 10¹². பெருக்கல் விதியை அவள் எப்போதோ கற்றுவிட்டாள், அது இதுதான் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

இனி 5⁰. இதற்குப் படிக்கட்டு இறங்குவதுபோல ஒரு வரிசை எழுதுங்கள். 5³ = 125, 5² = 25, 5¹ = 5. ஒவ்வொரு படி இறங்கும்போதும் அடுக்கில் 1 குறைகிறது, மதிப்பு 5 ஆல் வகுபடுகிறது. அடுத்த படியில் அடுக்கு 0. மதிப்பு 5 ÷ 5, அதாவது 1. அங்கேயே நின்றுவிட வேண்டியதில்லை. இன்னும் ஒரு படி இறங்கினால் 5⁻¹ = 1/5, இன்னொரு படியில் 5⁻² = 1/25. படிகள் எவ்வளவு இறங்கினாலும் மதிப்பு சிறிதாகிக்கொண்டே போகிறதே தவிரப் பூச்சியத்துக்குக் கீழே போவதில்லை. ஆகவே 2⁻³ என்பது 1/8. அடுக்கில் உள்ள கழித்தல் குறி எண்ணைக் குறை எண்ணாக மாற்றுவதில்லை. பெருக்குவதற்குப் பதிலாக வகுக்கச் சொல்கிறது. உங்கள் மகள் −8 என்று எழுதியபோது விடையில் பாதி தூரம் வந்துவிட்டாள், எட்டு என்ற எண்ணைப் பிடித்துவிட்டாள் என்பதை அவளிடம் சொல்லுங்கள்.

என் யோசனை இதுதான். இரண்டு வாரங்களுக்கு விதி என்ற சொல்லையே வீட்டில் எடுக்காதீர்கள். எல்லாக் கணக்குகளையும் விரித்து எழுதியே போடட்டும். ஒரு நாள் அவளே சலித்துப்போய், "ஒவ்வொரு முறையும் இவ்வளவு எழுத வேண்டுமா, எண்ணிக்கையைக் கூட்டினால் போதாதா?" என்று கேட்பாள். அப்படிக் கேட்கிற பிள்ளைக்கு அந்த விதி மறக்காது.

மறுமொழி 2 (அச்சகம் நடத்துபவர்)

ஆசிரியர் ஐயா எழுதியதற்கு மேல் கணிதத்தில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் குறை எண் அடுக்கைக் கையில் பிடித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. நான் நாள் முழுவதும் புழங்குகிற பொருள் என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் ஏ4 தாள் இருக்கும். இந்த வரிசையின் முதல் தாள் ஏ0. அதன் அளவு 841 மில்லிமீட்டருக்கு 1,189 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஒரு சதுர மீட்டருக்கு 51 சதுர மில்லிமீட்டர்தான் குறைவு, ஆகவே ஒரு சதுர மீட்டர் என்றே வைத்துக்கொள்ளலாம். அதைச் சரிபாதியாக வெட்டினால் ஏ1, அதைப் பாதியாக்கினால் ஏ2, அப்படியே ஏ3, ஏ4. தாளின் பெயரில் உள்ள எண் எத்தனை முறை பாதியாக்கினோம் என்பதைத்தான் சொல்கிறது. ஏ1 என்பது 2⁻¹ சதுர மீட்டர், ஏ2 என்பது 2⁻², ஏ3 என்பது 2⁻³, ஏ4 என்பது 2⁻⁴. ஏ0 என்பது இன்னும் கத்தி படாத தாள், ஆகவே முழுசு ஒன்று. 2⁰ = 1 என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்: ஒருமுறைகூடப் பாதியாக்கவில்லை என்றால் தாள் இல்லாமல் போவதில்லை, முழுதாக இருக்கிறது.

எங்கள் தொழிலில் இது தினமும் பயன்படுகிறது. 80 ஜிஎஸ்எம் தாள் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை. ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு, ஆகவே ஒரு தாள் 5 கிராம், 500 தாள் கொண்ட கட்டு இரண்டரைக் கிலோ. மகளைச் சமையலறைத் தராசில் பத்துத் தாள்களை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஏறத்தாழ 50 கிராம் காட்டும். கட்டின் உறையில் 75 ஜிஎஸ்எம் என்று இருந்தால் கொஞ்சம் குறையும். எவ்வளவு குறைய வேண்டும் என்பதையும் அவளே கணக்கிடட்டும்.

என் தாத்தா காலத்துப் பின்னப் பெயர்களை இந்தத் தாள்களுக்கு வைத்துப் பார்த்தால் அப்படியே பொருந்துகின்றன. ஏ1 அரை, ஏ2 கால், ஏ3 அரைக்கால், ஏ4 வீசம், ஏ5 அரைவீசம். அரைக்கால் என்ற பெயரைக் கவனியுங்கள். காலில் அரை, அதாவது அரை × கால். அடுக்காக எழுதினால் 2⁻¹ × 2⁻² = 2⁻³. பெயருக்குள்ளேயே பெருக்கல் விதி உட்கார்ந்திருக்கிறது. காலில் கால் எவ்வளவு என்று கேட்டால் வீசம்; 2⁻² × 2⁻² = 2⁻⁴.

வகுத்தலுக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு ஏ1 தாளில் எத்தனை ஏ4 தாள்கள் வெட்டலாம்? 2⁻¹ ÷ 2⁻⁴. அடுக்குகளைக் கழிக்கும்போது −1 லிருந்து −4 ஐக் கழிக்க வேண்டும், இங்கேதான் பிள்ளைகள் −5 என்று எழுதிவிடுகிறார்கள். சரியான விடை 3, ஆகவே 2³, எட்டுத் தாள்கள். கடையிலும் எட்டுதான் வெட்டுகிறோம்.

மறுமொழி 3 (முதுகலைக் கணித மாணவி, ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர்)

இரண்டு மறுமொழிகளையும் விரும்பிப் படித்தேன். ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் சிறு மாற்றுக் கருத்து உண்டு, மரியாதையுடன் சொல்கிறேன்.

5³ என்பதற்கு "மூன்று ஐந்துகளைப் பெருக்கு" என்று பொருள் சொல்லலாம். 5⁰ என்பதற்கு "எந்த ஐந்தையும் எடுக்காமல் பெருக்கு" என்று சொன்னால் அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே எண்ணுதல் என்ற முதல் பொருள் இந்த இடத்தில் தீர்ந்துபோகிறது. படிக்கட்டு வரிசை நம்மை 1 என்ற விடையை நோக்கி அழைத்துச் செல்கிறதே தவிர, அதை நிறுவிக் காட்டுவதில்லை. உண்மையில் நடந்தது என்னவென்றால், பெருக்கல் விதியும் வகுத்தல் விதியும் எல்லா முழுக்களுக்கும் தொடர்ந்து செல்ல வேண்டும் என்று விரும்பினால் 5⁰ க்கு எந்த மதிப்பைக் கொடுக்கலாம் என்று பார்த்தார்கள். 5⁴ ÷ 5⁴ என்பது 1. விதிப்படி அது 5⁰. 1 தவிர வேறு எந்த மதிப்பைக் கொடுத்தாலும் விதி உடைகிறது. ஆகவே 1 என்று வரையறுத்தார்கள். இந்த வேறுபாட்டைப் பிள்ளையிடம் சொல்லலாமா என்று தயங்க வேண்டாம். "ஏன்" என்று கேட்டவள் உங்கள் மகள். இது மனிதர்கள் யோசித்து எடுத்த முடிவு என்று தெரிந்தால் அவளுக்கு மதிப்புதான் கூடும்.

வரலாறும் அப்படித்தான் இருக்கிறது. எண்ணை மேலே சிறிதாக எழுதும் இன்றைய முறையைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் தெக்கார்த்து 1637 இல் வெளியிட்ட வடிவியல் நூலில் காண்கிறோம். அங்கே மேலே இருப்பவை மிகை முழு எண்கள் மட்டுமே. குறை எண்களையும் பின்னங்களையும் அதே இடத்தில் எழுதலாம் என்பதை நியூட்டன் 1676 இல் எழுதிய கடிதமொன்றில் விளக்குகிறார். இடையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரே வாரத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

அடிமானம் பூச்சியமாக இருந்தால் இந்த வழி செல்லாது, ஏனெனில் 0⁴ ÷ 0⁴ என்பதில் பூச்சியத்தால் வகுக்க நேர்கிறது. அதனால்தான் பாடநூலில் "அடிமானம் பூச்சியமல்ல" என்ற சிறு குறிப்பு ஓரமாக நிற்கிறது. அந்தக் குறிப்பைத் தாண்டிப் போகாமல் ஒரு நிமிடம் நின்று பேசுங்கள்.

இரண்டு வாரம் விரித்தே எழுதுவது பற்றி: தொடக்கத்துக்கு நல்லது, ஆனால் 3⁴⁵ ÷ 3⁴² போன்ற கணக்கு வந்தால் விரிக்க முடியாது. என் அனுபவத்தில் நான்கைந்து நாட்கள் போதும். அதன் பிறகு கணக்கைத் தொடும் முன் இரண்டு கேள்விகளை அவள் வாய்விட்டுச் சொல்லட்டும்: நடுவில் இருப்பது பெருக்கலா கூட்டலா, அடிமானம் ஒன்றா வேறா? அடிமானம் வேறாக இருந்தாலும் சில சமயம் ஒன்றாக்கலாம் என்பதையும் காட்டுங்கள். 4³ × 2⁵ என்பதில் 4 என்பது 2² என்று பார்த்துவிட்டால் 2⁶ × 2⁵, ஆக 2¹¹, 2,048.

அவள் ஏட்டில் இன்னும் வராத ஒரு பிழையையும் முன்கூட்டியே சொல்கிறேன். (−2)⁴ என்பது 16; −2⁴ என்பது −16. அடைப்புக்குறி இல்லாதபோது அடுக்கு 2 ஐ மட்டும் பிடித்துக்கொள்கிறது, கழித்தல் குறி வெளியே காத்திருக்கிறது. கல்லூரி வரை வந்த பிறகும் இதில் சறுக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன், நானும் சறுக்கியிருக்கிறேன்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை நானும் மகளும் கூடத்தில் தரையில் உட்கார்ந்து தாள்களைப் பரப்பினோம். முதலில் 2³ × 2⁴ ஐ விரித்து எழுதச் சொன்னேன். ஏழாவது இரண்டில் விரல் வைத்தவள், நான் எதுவும் சொல்வதற்கு முன்பே ஏட்டை இழுத்து 4⁷ ஐ அடித்துவிட்டாள். "இலட்சம் கோடி" கேட்டபோது சிரித்துவிட்டாள். பத்துத் தாள்களுக்குத் தராசு 50 என்று காட்டியதும், என் அம்மாவை அழைத்து, "பாட்டி, வீசம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்" என்றாள். அம்மா அரைக்கால் படி, வீசம் படி என்று பழைய அளவுகளைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

ஓட்டை விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் 1/8 என்று எழுதியிருக்கிறாள். ஆனால் இரவு படுக்கப் போகும்போது ஒரு கேள்வி கேட்டாள், எனக்கு விடை தெரியவில்லை. "அடுக்கில் பூச்சியம் வரலாம், குறை எண் வரலாம் என்றால், அரை வரலாமா? 2 இன் அடுக்கு அரை என்றால் எவ்வளவு?" நியூட்டன் பின்னத்தையும் எழுதினார் என்று படித்துக் காட்டியதால் வந்த கேள்வி இது. பதில் சொல்லலாமா, மேல் வகுப்புக்கு விட்டுவிடலாமா?

மறுமொழி 4 (ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்)

அம்மா, விட்டுவிடாதீர்கள். கேட்ட நேரத்தில் சொல்வதுதான் சரி. மாணவி அவர்கள் சொன்ன திருத்தத்தை நான் ஏற்கிறேன். அவர் காட்டிய வழியிலேயே இதற்கும் போகலாம்.

பெருக்கல் விதி உடையக் கூடாது என்று வைத்துக்கொண்டால், "2 இன் அடுக்கு அரை" என்ற எண்ணை அதனாலேயே பெருக்கும்போது அடுக்குகள் அரையும் அரையும் சேர்ந்து ஒன்றாக வேண்டும். அதாவது விடை 2 ஆக வேண்டும். தன்னைத்தானே பெருக்கினால் 2 தருகிற மிகை எண் எது? 1.4 ஐப் பெருக்கினால் 1.96, 1.5 ஐப் பெருக்கினால் 2.25. இரண்டுக்கும் நடுவில், 1.4 க்குப் பக்கத்தில் இருக்கிறது. அதுதான் 2 இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 1.4142.

அந்த எண் உங்கள் கூடத்திலேயே கிடக்கிறது. ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர், அகலம் 210 மில்லிமீட்டர். வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 1.414 என்று வரும். பாதியாக மடித்தாலும் தாளின் வடிவம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த விகிதத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இன்று மாலை ஒரு தாளை எடுத்து, அதன் குட்டை ஓரம் நீள ஓரத்தின் மேல் சரியாகப் படியும்படி ஒரு மூலையைச் சாய்வாக மடிக்கச் சொல்லுங்கள். அந்தச் சாய்ந்த மடிப்புக் கோட்டின் மேல் இன்னொரு தாளின் நீள ஓரத்தை வைத்துப் பார்க்கட்டும். இரண்டும் ஒரே நீளமாக இருக்கும். அது ஏன் என்று அவள் கேட்டால் இங்கேயே எழுதுங்கள். பித்தாகரசு தேற்றத்தோடு வந்து விடை சொல்கிறேன்.